ஓர் ஆள் அதிகம்

“மலைப்பாதையை மூடிட்டாங்களாம்” என்று சமையலறையிலிருந்து பெனித்தோ மாமா குரல் கொடுத்தபோது, எலோய்சா நான்காம் மேசைக்கு ஐந்தாவது முறையாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பாதையை?”

“இருக்கறதே ஒண்ணுதானே. பாறை சரிஞ்சு நடு ரோட்டுல உக்காந்திருக்காம். நாளைக்குத்தான் தெறப்பாங்கன்னு ரேடியோல சொல்றான்.”

காப்பி கோப்பையைத் தாண்டித் தட்டில் வழிந்தது. நான்காம் மேசையில் இருந்த பெரிய மனிதர் பெருந்தன்மையோடு தட்டைத் தூக்கி அதையும் குடித்தார்.

மாலை நான்கு மணிக்கு எலோய்சா கீழே பள்ளத்தாக்கில் இருக்க வேண்டும். அங்குள்ள பள்ளிக்கூடங்களின் மதிய உணவுக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை. நேர்முகத் தேர்வு. மருத்துவக் காப்பீடு உண்டு, ஓய்வூதியம் உண்டு, கோடையில் இரண்டு மாதம் விடுமுறை உண்டு. ஆர்ச்சுலெட்டா குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். சத்துணவியல் படித்தாள். படித்து முடித்து மூன்று வருடமாக, பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஒரு விமானத்தளத்தில், மாமாவின் கடையில், வறுத்த பன்றி இறைச்சியைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அவள் பாதங்களைக் கேட்டால் அந்தப் பட்டத்தைப் பற்றி வேறு மாதிரி சொல்லும்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள். ஒரு தட்டு முட்டைக்காக இரண்டு மாநிலம் தாண்டிப் பறந்து வருவார்கள். ஒரு பேருந்து ஓட்டுநரின் வாரச் சம்பளத்தை வானத்தில் எரித்துவிட்டு வந்து, காப்பி கொஞ்சம் ஆறியிருக்கிறதே என்பார்கள். “மேனேஜர் இருக்காரா?” என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, அவள் தோளுக்கு மேலே மாமாவைத் தேடுவார்கள். மேனேஜர் அவள்தான். மாமாவுக்குத் தன் கண்ணாடி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வெயில் ஏறினால் இந்த உயரத்தில் காற்று இளைத்துவிடும். இளைத்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் இருக்காது. அதனால் காலையிலேயே விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும்.

இன்றும் எல்லாம் கிளம்பிவிட்டன. ஒரே ஒரு வெள்ளை விமானம் மட்டும் வெளியே நின்றது. அது நான்காம் மேசையுடையது.

அந்த மேசையில் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர். நெப்ராஸ்காக்காரர்கள். அவர் பெயர் டெல்மர். தோல் சட்டை, கறுப்புக் கண்ணாடி, சட்டைப் பையில் விமானப் படம் போட்ட வில்லை. இருக்கையில் ஒருவர் உட்கார வேண்டிய இடத்தில் ஒன்றேமுக்கால் பேராக உட்கார்ந்திருந்தார். மனைவி ஆர்டித், ஒட்ட வெட்டிய நரைமுடி, சுள்ளி போல உடம்பு. ஒரு முட்டை, வெண்ணெய் தடவாத ரொட்டி, அரைக் கோப்பை காப்பி. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து வெளியே போய் விமானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். பாவம், பொழுது போகவில்லை என்று எலோய்சா நினைத்தாள்.

“சார் எந்தப் பக்கம் போறீங்க?” என்று கேட்டாள்.

“தெக்க. நியூ மெக்சிகோல ஒரு விமானத்தளம் இருக்கும்மா. அங்க ஒரு அம்மா சோளமாவுல கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு செய்யுது பாரு, அதுக்குத்தான். நாங்க சாப்பாட்டை வச்சுத்தான் ஊரையே ஞாபகம் வச்சுக்கறது. கேன்சாஸ்னா வறுத்த கோழி. எங்க ஊர்னா இலவங்கப்பட்டை ரோல், என் தலை அளவு இருக்கும்.” அது நிஜமாகவே பெரிய ரோலாகத்தான் இருக்க வேண்டும். “வயோமிங்ல ஒரு இடம் இருக்கு. அங்க மட்டும் எறங்கவே கூடாது.”

“ஏன் சார்?”

“சாப்பாடே கிடையாது. காசு போட்டா பிஸ்கட் விழற மெஷின் ஒண்ணுதான். ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன்.” அவர் முகம் இருண்டது. “கடைசியில மெஷின்ல பிஸ்கட்டும் தீந்துடுச்சு.”

“நான் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளத்தாக்குல இருக்கணும் சார். வேலைக்கு இண்டர்வியூ. ரோடு மூடிட்டாங்க. சுத்திப் போனா ராத்திரி ஆயிடும். உங்க பிளேன்ல ஒரு இடம் கிடைக்குமா?”

“அட, தாராளமா. வழியிலதானே இருக்கு. இருபத்தஞ்சு நிமிஷம்.” டெல்மர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “ஆர்டித் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு வந்துடறேன்.”

ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் ஏதோ சொன்னார். மனைவி கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியில் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு இரண்டு வார்த்தை சொன்னாள். டெல்மர் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

“வெயில் ஏறிடுச்சு. இப்ப இருக்கற எடைக்கு, மூணு பேரோட எழும்பாது. கொறைக்கணும்.”

“எதைக் கொறைக்கணும்?”

“அதான் யோசிக்கணும்.” அவர் உட்கார்ந்தார். “யோசிக்கறப்ப அந்தப் பச்சை மிளகாய்க் குழம்பு கொஞ்சம் கிடைக்குமா?”

எலோய்சா நேர்முகத் தேர்வு நடக்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள். அங்கிருந்த பெண்குரல் இரங்கவில்லை. “முதல் தடவை பனின்னீங்க. ரெண்டாவது தடவை கடையில ஆள் இல்லைன்னீங்க. இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. இன்னொருத்தர் ரெண்டு மணிக்கே வர்றாரு. நாலு மணிக்கு நீங்க இல்லைன்னா அவருதான்.”

ஆகவே குழம்பைக் கொண்டுபோய் வைத்தாள். கூடவே, மனம் மாறிவிடக் கூடாதே என்று, கடையின் உபசாரமாக, மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டும் வைத்தாள். அது முதல் தப்பு.

“இந்தப் பைக்காகவே ஒருத்தன் இங்க வரலாம்” என்றார் டெல்மர். “இன்னொரு துண்டு இருக்கா?”

“சார், எடையைக் கொறைக்கணும்னு சொன்னீங்க.”

“ஆமா. மூட்டை முடிச்செல்லாம் எறக்கிடலாம்.”

மூட்டை முடிச்சை இறக்கப் போனபோதுதான் தெரிந்தது, அந்த விமானம் ஒரு பறக்கும் மளிகைக்கடை. போகிற ஊரெல்லாம் டெல்மர் வாங்கிப் போட்டிருந்தார். ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, ஐஸ் பெட்டியில் ஒரு முழுப் பன்றித்தொடை, இரண்டு பெட்டி பீச் பழம், தேன் ஜாடிகள், மடக்கு நாற்காலி இரண்டு. தின்ன முடியாதது என்று நாற்காலியைத் தவிர, மாற்றுத்துணி வைத்த ஒரு சின்ன மூட்டைதான் இருந்தது. எலோய்சா ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு கடைக்கும் விமானத்துக்கும் நடந்தாள். இந்த உயரத்தில் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். டெல்மர் உடம்புக்கு ஆகாது என்று வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார். ஆர்டித் வந்து ஒரு பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“நீங்க விடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்” என்று எலோய்சா பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஆர்டித் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எலோய்சா பாதி தூரம் போய்விட்டாள்.

பீச் பெட்டியைச் சமையலறையில் வைத்ததும் மாமா ஒன்றை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடினார்.

“மாமா, வேண்டாம்.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே.”

“உங்க மூஞ்சி சொல்லுது. அது அவங்க பழம்.”

“ஏம்மா டிகிரி, இந்த வெயில்ல இது சாயங்காலம் வரைக்கும் தாங்குமா? உங்க காலேஜ்ல சொல்லித் தரலையா?” மாமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “சார், பீச் பை போடட்டுமா?”

டெல்மர் சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டார்.

இந்த உயரத்தில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதித்துவிடும், ஆனால் எதுவும் வேகாது. பீன்ஸ் பொழுது சாயும்வரை வேகும். பையும் அப்படித்தான். கீழே பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரத்தில் ஆகிற பை, இங்கே அடுப்புக்குள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கும். டெல்மர் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“சார், இப்பக் கெளம்பலாமா? சாமானெல்லாம் எறக்கியாச்சு.”

“பை வெந்துகிட்டிருக்கேம்மா.”

“பையை விட எனக்கு வேலை முக்கியம் சார்.”

“அதுக்குள்ள கோவப்படாத. ஆர்டித்தைக் கேட்டுட்டு வரேன்.” போனார். வந்தார். முகம் மறுபடியும் தொங்கியிருந்தது. “இன்னும் வெயில் ஏறியிருக்காம். சாமானை எறக்கினது வெயிலுக்கே சரியாப் போச்சு. இன்னும் கொறைக்கணும்.”

பை வெந்தது. டெல்மர் பாதியைச் சாப்பிட்டார். பன்றித்தொடையும் கெட்டுப்போகும் என்று மாமா அதிலிருந்து நாலு துண்டு வறுத்துக் கொடுத்தார். விமானத்தின் பின்பக்கமிருந்து இறக்கிய எடையெல்லாம் மெல்ல மெல்ல டெல்மருக்குள் போய்க்கொண்டிருப்பதை எலோய்சா பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பவும் விமானத்தில் ஏறும்போது அது முழுசாக ஏறப் போகிறது. இதற்குத்தானா மூச்சுவாங்கத் தூக்கி வந்தேன் என்று இருந்தது.

“பெட்ரோலைக் கொஞ்சம் எடுத்துடலாம்” என்றார் டெல்மர், விரலை நக்கிக்கொண்டே. “பெட்ரோல் ரொம்பக் கனம். தெரியுமா?”

பெட்ரோல் போடும் லைல் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தான். சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

“போடச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. எடுக்கச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கறேன். அப்புறம் நடுவானத்துல தீந்து போச்சுன்னா என்னைச் சொல்லக் கூடாது.”

“இரு, வந்துடறேன்” என்று டெல்மர் மறுபடியும் மனைவியிடம் ஓடினார். அவள் கணக்குப் போட்டு விரல் காட்டினாள். அவர் வந்து அதே விரலை லைலுக்குக் காட்டினார்.

எலோய்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இதுக்குமா பொண்டாட்டியைக் கேக்கணும்? சொந்தமா ஒரு முடிவு எடுக்கத் தெரியாதா இந்த ஆளுக்கு?”

“எங்க வீட்லயும் அப்படித்தான்” என்றான் லைல். “நான் கேக்காம சட்டைகூட மாத்தறதில்ல.”

அவன் தகர டின்களைத் தேடினான். கிடைத்ததில் ஒன்று ஓட்டை. வேறொன்றை மாமாவிடம் கேட்டான். அதில் எண்ணெய் இருந்தது. எண்ணெயை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார்கள். எண்ணெயைக் கண்டதும் மாமாவுக்குப் பொரிக்கிற ஞாபகம் வந்து ஒரு கூடை உருளைக்கிழங்கு பொரிந்தது. அது யாருடைய உருளைக்கிழங்கு, யார் சாப்பிட்டார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லைல் இறக்கைக்குக் கீழே உட்கார்ந்து, ஆட்டுப்பால் கறக்கிறவன் மாதிரி நிதானமாகப் பெட்ரோலை இறக்கினான். இரண்டு மணி தாண்டிவிட்டது. கீழே அந்த இன்னொருத்தர் இந்நேரம் உள்ளே போயிருப்பார். சலவைச் சட்டை போட்டிருப்பார். பாறை எதுவும் அவர் வழியில் விழுந்திருக்காது.

“இப்பவாச்சும் கெளம்பலாமா சார்?”

டெல்மர் கேட்டுவிட்டு வந்தார். “இன்னும் கொஞ்சம் இடிக்குதாம். ஒரு ஆள் எடை.”

“ஒரு ஆள் எடைன்னா?”

“ஒரு ஆள் எடைன்னா ஒரு ஆள் எடைதான்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு முகம் மலர்ந்தது. “பின் சீட்டைக் கழட்டிடலாமே?”

“அப்ப நான் எங்க உக்கார்றது?”

“அதுவும் சரிதான்.”

எலோய்சா மாவு மூட்டை நிறுக்கும் தராசைச் சமையலறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கடை நடுவில் போட்டாள். பேச்சு போதும், கணக்கு வேண்டும். முதலில் அவளே ஏறினாள். நூற்று முப்பது பவுண்டு. காலணியைக் கழற்றி, சான்றிதழ் ஃபைலையும் கீழே வைத்துவிட்டு ஏறினாள். பெரிய வித்தியாசம் இல்லை. படிப்புக்கு எடை இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும்.

ஆர்டித் கேட்காமலே வந்து ஏறினாள். நூற்றுப் பத்து.

“சார், நீங்க.”

“எனக்குத் தெரியும் என் எடை.”

“எப்ப எடுத்தது?”

“கல்யாணத்துக்கு முந்தி.”

“ஏறுங்க சார்.”

டெல்மர் ஏறினார். முள் கடைசிவரை ஓடி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்று நடுங்கியது. தராசு ஒரு முனகல் முனகியது. மாமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “என் தராசு” என்றார்.

ஆர்டித் கணவனைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தார்.

“டெல்மர்” என்றாள் ஆர்டித், மெதுவாக. “காலையிலயே சொன்னேன்.”

“அந்த வயோமிங் மாதிரி ஆயிடக் கூடாது ஆர்டித்” என்றார் அவர். “அப்பவும் சாயங்காலத்துக்குள்ளன்னுதான் சொன்னே.” சொல்லிவிட்டு, நாள் முழுக்க இல்லாத சுறுசுறுப்போடு வெளியே நடந்தார். ஏறக்குறைய ஓடினார். விமானத்தில் ஏறி, கதவைச் சாத்தி, இருக்கைப் பட்டையைப் போட்டு இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாகக் கிளம்பத் தயாராகிவிட்டார் என்று எலோய்சாவுக்கு நிம்மதி. இனி மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள் எடைதான்.

யோசிக்க அதிகம் இல்லை. தான் போயாக வேண்டும். ஓட்டுகிறவர் போயாக வேண்டும். மிச்சம் யார்? இப்படிச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. இந்த அம்மா காலையிலிருந்து ஒரு முட்டையைத் தின்றுவிட்டு, புருஷன் தின்பதைப் பார்த்துக்கொண்டு, வெயிலில் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். இருபது வருடமாக இந்த மனிதரின் வயிற்றுக்குப் பின்னால் ஊர் ஊராகப் போகிறாள் போல. இப்போது அவளையே மூட்டை மாதிரி இறக்கி வைக்க வேண்டும். பெண்பிள்ளைகளின் கதையே இதுதான் என்று எலோய்சாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படக்கூட நேரம் இல்லை. மூன்று மணி ஆகப்போகிறது.

ஜன்னலோர இருக்கையில் ஒரு மெத்தையைப் போட்டாள். மிச்சமிருந்த பீச் பையில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, மேலே பாலாடை வைத்து, புதுக் காப்பி ஊற்றி, மாமா படித்து முடித்த பத்திரிகைகளையும் பக்கத்தில் அடுக்கினாள். மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டு, “யாருக்கு இந்த ராஜ உபசாரம்?” என்றார்.

ஆர்டித் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க” என்றாள் எலோய்சா. மூச்சு வாங்கியது. “மூணு வருஷமா இந்த வேலைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு விட்டா போச்சு. வேற வழியிருந்தா கேக்க மாட்டேன்.”

“சொல்லும்மா.”

“நீங்க இங்கயே இருந்துக்கறீங்களா? ஜன்னலோரம் இடம் போட்டு வச்சிருக்கேன். பை இருக்கு, காப்பி இருக்கு. எது வேணும்னாலும் மாமா செஞ்சு குடுப்பாரு. வெயில் தணிஞ்சதும் சார் திரும்பி வந்து உங்களைக் கூட்டிக்கிட்டுப் போவாரு.”

ஆர்டித் மெத்தையைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். வெளியே, இருக்கைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல்லாகச் சமைந்திருந்த டெல்மரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எனக்கென்னம்மா, சந்தோஷமா இருக்கேன்” என்றாள். “ஆனா பிளேனை யாரு ஓட்டறது?”